தூக்கிய கால் பிறந்த கதை

எலிபெண்டா குகையின் வடக்கு வாசலில் நுழைகிறவர்கள் பெரும்பாலும் நேரே உள்ளே நடக்கிறார்கள். மும்முகச் சிவனைப் பார்க்கத்தானே மும்பை கேட்வேயிலிருந்து ஒரு மணி நேரம் படகில் வந்தது. வாசலுக்கு வலப்பக்கச் சுவரில் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கிறார். எட்டுக் கைகளில் பல உடைந்துபோயின. தொடைக்குக் கீழே கால்கள் இல்லை. ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து மார்பு மறுபக்கம் திரும்புகிறது. முகம் மட்டும் எதுவும் நடக்காதது போல இருக்கிறது. எதிர்ப்பக்கச் சுவரில் யோகத்தில் அமர்ந்த சிவன்.

ஆறாம் நூற்றாண்டு வேலை. போர்த்துகீசியர் காலத்துச் சேதம் என்பது வழக்கமான விளக்கம். உடைத்தவர் யாராகவும் இருக்கட்டும், எது உடைந்தது என்று பாருங்கள். சுவரோடு ஒட்டியிருந்த உடல் பிழைத்தது. சுவரை விட்டு வெளியே வந்த கையும் காலும் போயின. கல் எவ்வளவு பாரத்தையும் தலையில் தாங்கும். அந்தரத்தில் நீட்டிய உறுப்பை மட்டும் அதனால் நெடுநாள் தாங்க முடியாது. ஆகவே கல்லில் ஆடுகிறவன் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் ஆட வேண்டும்.

தமிழ்நாட்டிலும் கதை கல்லில்தான் தொடங்குகிறது. மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த சீயமங்கலம் குகைக்கோயிலில், ஒரு தூணின் மேற்பகுதியில் சின்னதாக ஓர் ஆடும் சிவன் இருக்கிறார். தமிழ்நாட்டில் கிடைத்த மிகப் பழைய ஆடல் உருவங்களில் அது ஒன்று. அதே ஏழாம் நூற்றாண்டில் அப்பர் தில்லைக் கூத்தனின் தூக்கிய காலைப் பாடிவிட்டார். பாட்டில் எந்தக் காலையும் எவ்வளவு உயரமும் தூக்கலாம். அதைச் சுவரின் துணையில்லாமல் நிற்க வைப்பதுதான் சிற்பியின் பாடு.

வழி திறந்தது திருவிழாவால். மூலவர் கருவறையை விட்டு அசையமாட்டார். வீதியில் எழுந்தருள ஓர் உற்சவர் வேண்டும். தோளில் சுமக்கக் கல் ஒத்துவராது. செம்பு வந்தது. செம்புக்கு முன்னால் மெழுகு வந்தது. என்னைக் கேட்டால் தூக்கிய கால் பிறந்த இடம் அந்த மெழுகுதான்.

சுவாமிமலைப் பட்டறைகளில் இன்றும் இந்த வேலையைப் பார்க்கலாம். தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிப் பிசைகிறார்கள். தென்னங்கீற்று ஓலையை மடித்து மடித்துத் தாள அளவு குறிக்கிறார்கள். கை, கால், தலை, உடல் எல்லாம் தனித்தனியாக உருவாகி, சூடான கரண்டியால் ஒட்டப்படுகின்றன. கல்லில் செதுக்கியது செதுக்கியதுதான். மெழுகிலோ முழங்காலை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம், பாதத்தை இன்னும் கொஞ்சம் வெளியே திருப்பலாம், பிடிக்கவில்லையென்றால் பிய்த்துவிட்டு வேறு வைக்கலாம். பிறகு காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண் கூட்டை உடைத்தால்தான் உள்ளே பிள்ளை பிழைத்ததா என்று தெரியும். ஒரு கரு, ஒரு வார்ப்பு. எங்காவது காற்று அடைத்திருந்தால் முதலிலிருந்து மெழுகு.

அந்தப் பயம் ஒரு தலபுராணமாகவே இருக்கிறது. கோனேரிராஜபுரத்துப் பெரிய நடராஜரை வார்க்க முயன்ற சிற்பிக்கு ஒவ்வொரு முறையும் வார்ப்பு தவறிக்கொண்டே வந்ததாம். மன்னன் விதித்த கெடு நெருங்கிய நேரத்தில் வயதான தம்பதி ஒன்று வந்து தண்ணீர் கேட்டது. எரிச்சலில் இருந்தவர், உலையில் கொதிக்கும் உலோகம்தான் இருக்கிறது, வேண்டுமானால் குடியுங்கள் என்றார். கிழவர் வாங்கிக் குடித்தார், குடித்தபடியே சிலையானார். அதனால்தான் அந்தச் சிலையில் மச்சமும் ரோமமும்கூட இருக்கிறது என்று ஊரார் காட்டுவார்கள். பட்டறையில் ஒருநாளாவது நின்றவர்தான் இந்தக் கதையை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் வார்த்தவர்கள் கொஞ்சம் தயங்கித்தான் வார்த்திருக்கிறார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள கூரம் நடராஜர் முழங்காலை மேலே தூக்குகிறார். பாதம் கீழ்நோக்கித் தொங்குகிறது. கால் இன்னும் உடலுக்குக் குறுக்கே வீசப்படவில்லை. பத்தாம் நூற்றாண்டில், கண்டராதித்த சோழனின் தேவி செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக்கிய காலத்தில், தென்புறச் சுவர் மாடத்தில் ஆடவல்லானுக்கு நிலையான இடம் கிடைத்தது. செம்பிலும் நாம் இன்று அறிந்த உருவம் ஊர் ஊராகப் பரவியது.

அதில் ஓர் உடல் என்ன செய்கிறது என்று பாருங்கள். முயலகன் மேல் ஊன்றிய வலக்கால் விறைத்து நிற்கவில்லை. மடங்கியிருக்கிறது, அடுத்த கணம் எம்பப்போவது போல. இடக்கால் குறுக்கே போகும்போது இடுப்பு அதன் பின்னால் போகிறது. நெஞ்சு போக மறுக்கிறது. சுழற்சி அந்த மறுப்பில் இருக்கிறது. விரிந்த சடையும் பறக்கும் துணியும் திருவாசியைத் தொடுவது அழகுக்காக மட்டுமல்ல. தட்டையான இரு பக்க விரிவை அவை வளையத்தோடு கட்டிப் பிடிக்கின்றன. மும்பை மாட்டுங்காவில் 1945-இல் தொடங்கிய ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரின் நட்டுவனார்கள் திருவிடைமருதூர்க்காரர்கள். இந்தச் செப்புத் திருமேனிகள் நிறைந்த காவிரிக் கரையிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வழியில் கற்ற பெண்ணை அந்த நிலையில் நிற்கச் சொன்னால், சில நொடிகளில் கணுக்கால் நடுங்கும். சோழச் சிற்பி பிடித்து வைத்தது அந்த நடுக்கத்துக்கு ஒரு கணம் முந்தைய உடலை.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு வேலையையும் நாம் பட்டாலும் பூவாலும் மூடிவிடுகிறோம். கோயிலில் முகம் தெரியும், தூக்கிய பாதம் கொஞ்சம் தெரியும். இடுப்பின் திருப்பத்தைப் பார்க்க அருங்காட்சியகம்தான் போக வேண்டும். பாரிஸிலிருந்த சிற்பி ரோதின் அதற்கும் போகவில்லை. சென்னை அருங்காட்சியகத்து நடராஜர்களின் புகைப்படங்கள் அவர் கைக்கு வந்தன. அவற்றை வைத்துக்கொண்டே 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். நடக்கும் மனிதனைத் தலையில்லாமல் வார்த்தவருக்கு, கடவுள் யார் என்பதைவிடத் தோளும் தொடையும் எப்படிச் சேர்கின்றன என்பதே முக்கியமாக இருந்திருக்கும். அவர் 1917-இல் இறந்தார். கட்டுரை 1921-இல் அச்சானது. கலை அறிஞர் ஆனந்த குமாரசாமியின் எழுத்தும் அதே தொகுதியில் இடம்பெற்றது. நடராஜரைப் பிரபஞ்ச நடனமாக உலகம் பேசத் தொடங்கியதில் குமாரசாமிக்குப் பெரும் பங்கு உண்டு. தத்துவம் வென்றது, தொடை பின்னுக்குப் போனது என்று எனக்கு ஒரு சின்ன மனக்குறை.

இன்று கடைகளில் விற்கும் பித்தளை நடராஜர்களில் திருவாசி, உடுக்கை, தீ, முயலகன் என எதுவும் விடுபட்டிருக்காது. ஆனால் இடுப்பு நேராக நிற்கும். தூக்கிய கால் தனியாகச் செருகியது போல இருக்கும். மெழுகில் முடிந்திருக்க வேண்டிய வேலையை உளியில் முடித்த விறைப்பு முகத்திலும் தெரியும். வாங்குவதானால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். நல்ல சோழச் சிலையில் முதுகெலும்பு வளையும் இடமும், ஊன்றிய காலின் பக்கம் இறுகும் புட்டமும், யாரும் பார்க்காத பக்கம்தானே என்று விடப்படாமல் முழுதாகச் செய்யப்பட்டிருக்கும்.