நெய்யாற்றின்கரை ஏன் கிடைக்கவில்லை?

பாறசாலைக்கும் நெய்யாறு அணைக்கும் நடுவே உள்ள ஒற்றசேகரமங்கலம் அன்று நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்த ஊர். தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்கப்பட்ட ஒன்பது தாலுகாக்களில் அந்தத் தாலுகாவும் ஒன்று. கேட்டது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், மார்ஷல் நேசமணியின் கட்சி. திருவனந்தபுரத்தில் மந்திரிசபைகளை ஆக்கவும் கவிழ்க்கவும் அந்தக் கட்சியால் முடிந்தது. இன்றைய பத்திரிகைகள் ‘கிங்மேக்கர்’ என்று எழுதும் நிலை அது.

15-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வார்விக் பிரபு நான்காம் எட்வர்டை அரியணை ஏற்றினார். பிறகு அவரையே விரட்டிவிட்டு ஆறாம் ஹென்றியை மீண்டும் அமர்த்தினார். பிற்காலத்தார் அவருக்குக் கொடுத்த பட்டம்தான் ‘கிங்மேக்கர்’.

1952-இல் திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர் ஏ.ஜே. ஜானின் மந்திரிசபை நேசமணி கட்சித் தமிழர்களின் ஆதரவில் நின்றது. அவர்கள் கையை எடுத்ததும் 1953-இல் விழுந்தது. 1954 தேர்தலில் காங்கிரசுக்கு 45 இடம், நேசமணி கட்சிக்கு 12. வெறும் 19 இடம் பெற்ற பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை, காங்கிரஸ் ஆதரவில் முதலமைச்சர் ஆனார். அந்த ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழகத்தோடு சேரக் கேட்டுப் போராடிய தமிழர்கள் மீது போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. பட்டம் பதவி விலக வேண்டும் என்று அவருடைய கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே கேட்டார். சொந்தக் கட்சி ஆட்சியைப் பார்த்து அப்படிக் கேட்ட தலைவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. பட்டம் மறுத்தார். 1955 பிப்ரவரியில் அவர் ஆட்சி கவிழ்ந்தது; அடுத்து வந்த பனம்பிள்ளி கோவிந்த மேனோனும் தமிழ் உறுப்பினர்களை நம்பியே ஆட்சி நடத்த வேண்டியிருந்தது.

இத்தனை பலம் இருந்தும் எல்லைக்கோடு அந்தச் சட்டசபையில் போடப்படவில்லை. அதைப் போட்டது டெல்லி. பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-இல் தாலுகா தாலுகாவாகப் பெரும்பான்மை மொழியைப் பார்த்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்தையும் தமிழகத்துக்குப் பரிந்துரைத்தது. மலையாளம் பேசுவோர் மிகுந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதன் தமிழ்க் குடும்பங்கள் சிறுபான்மை ஆயின. இதை நேசமணியின் தோல்வி என்பது அநியாயம். பன்னிரண்டு பேரால் மந்திரிசபையைத்தான் கவிழ்க்க முடியும், ஆணையத்தின் கணக்கை அல்ல.

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிந்தபோது திருவனந்தபுரத்தில் ஆக்கவோ கவிழ்க்கவோ மந்திரிசபையே இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் நெய்யாறு இடதுகரைக் கால்வாய்: 2004 முதல் விளவங்கோட்டு வயல்களுக்குத் தண்ணீர் வராத கதை.