முந்திரிக்காடும் முனைப்பும்

விருத்தாசலம் என்றதும் இலக்கிய அன்பர்களுக்குப் புதுமைப்பித்தனின் இயற்பெயர் நினைவுக்கு வரும். வணிகர்களுக்கு அகல் விளக்கும் பீங்கான் பொம்மையும். சூளைகளைக் கடந்து ஊருக்கு வெளியே சென்றால் செம்மண் மேடுகளில் முந்திரிக்காடு விரிகிறது. நாம் பேசவிருப்பது அதைப் பற்றியே.

பிரேசில் நாட்டு முந்திரியைப் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். கிணற்றுப் பாசனம் எட்டாத நடுநாட்டு மானாவாரி நிலத்துக்கு அது பொருந்திப் போயிற்று. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் 1991இல் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 இரகம் ஊர்ப்பெயரையே தாங்கி நிற்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைக் கடந்தது. தலைமுறைகள் காத்த மரங்கள் வேரோடு சாய்ந்து விறகாயின. ஒட்டுக்கன்று காய்க்க மூன்றாண்டாகும். நிறைந்த மகசூலுக்கு அதனினும் இரு மடங்கு காலம் வேண்டும். இருந்தும் உழவர்கள் மீண்டும் முந்திரியையே நட்டனர். கன்றுகளின் இடைவெளியில் மல்லாட்டையும் உளுந்தும் விதைத்துக் காலம் தள்ளினர். மேலாண்மை நூலார் இதனைத் 'தொழில் ஈடுபாடு' என்பர். அச்சொல்லில் நமக்கு முழு நிறைவில்லை.

கோகோவின் கதையை ஒப்பிட்டால் காரணம் விளங்கும். 1798இல் குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஊன்றிய பயிர் அது. 1970களில் கேரளத் தென்னந்தோப்புகளில் பரவியது. 1980களின் தொடக்கத்தில் விலை சரியவே பலர் மரத்தை வெட்டிப்போட்டனர். 2024இல் உலகச்சந்தையில் டன் ஒன்றுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியபோது, வெட்டியவர்களிடம் விற்க ஏதுமில்லை. அவர்களைச் சோம்பேறிகள் என்று யார் சொல்வது? தென்னைக்கும் கமுகுக்கும் ஊடே கோகோ ஒரு விருந்தாளி; விருந்தாளியை அனுப்பிவிடலாம். இங்கு முந்திரிதான் வீட்டுக்காரர். அதை அனுப்பிவிட்டு அந்த மேட்டில் வேறெதை வைப்பது?

இன்னொன்றும் உண்டு. முனைப்பைப் பற்றிய ஆய்வுகள் நில உடைமையாளரிடமே கேள்வி கேட்கின்றன. மாசி, பங்குனி வெயிலில் குனிந்து கொட்டை பொறுக்குபவரும், பண்ருட்டிப் பக்கம் உடைத்துப் பருப்பெடுப்பவரும் பெரும்பாலும் பெண்கள். கண்மணி குணசேகரனின் எழுத்தைப் படித்தவர்களுக்கு அம்மக்கள் அந்நியரல்லர். முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் விரல்நுனி கறுத்துப்போகும். நம் வகுப்பறையிலும் அத்தகைய விரல்களோடு தேர்வெழுதிய மாணவியரை நாம் கண்டதுண்டு. விடுமுறையில் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள் என்று கேட்டோம். கூலி கிடைத்த நாளெல்லாம் என்றனர்.