பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் உயர்கல்வியும்

கற்பிட்டியில் 1667ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுப்பத் தொடங்கிய கோட்டை, புத்தளம் களப்பின் வாயிலில் இன்றும் நிற்கின்றது. அக்கற்சுவர்களிலும் ஆழமாக இந்நாட்டில் வேரூன்றியது, அவர்கள் கொணர்ந்த உரோமன் டச்சுச் சட்டமாகும். 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் ஆங்கிலேயரும் அதனை நிலைக்கவிட்டனர். தன்னைத் தானே பேண இயலாத பிள்ளையைப் பேணுதல் தாய் தந்தை இருவர்க்கும் உரிய கடன். மணம் முறியினும் அக்கடன் முறியாது. பிள்ளை வளர்ந்துவிட்டான் என்பதால் மட்டும் அது தீர்வதுமில்லை. இதுவே அச்சட்டத்தின் கொள்கை.

ஆயினும், கைவிடப்பட்ட ஏழைத் தாய் நாடியது நீதவான் மன்றத்தையே. அங்கு 1889ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் வழங்கியது. அது தந்தையை மட்டுமே பொறுப்பாக்கியது. அதன் உதவியும் பிள்ளைப் பருவத்தோடு நின்றது. புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் பெருந்தொகையாக வாழும் முஸ்லிம்களின் தாபரிப்பு வழக்குகளோ, 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதி நீதிமன்றங்களுக்கு உரியவையாயின. கரையோரச் சிறுவர் பலர் இளமையிலேயே வள்ளத்திற்கும் உப்பளத்திற்கும் சென்ற காலத்தில், வயது வந்த பிள்ளையின் கல்விச் செலவு ஒரு வழக்காக எழ இடமில்லை.

1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. கட்டணம் நீங்கியது, உணவும் உறைவிடமும் நூல்களும் பயணமும் நீங்கவில்லை. உடப்பிலிருந்தோ கற்பிட்டியிலிருந்தோ தமிழில் பயிலச் செல்லும் மாணவர் யாழ்ப்பாணத்திற்கோ, பேராதனைக்கோ, கீழைக்கரையின் ஒலுவிலுக்கோ செல்லவேண்டும். 1981இல் நிறுவப்பெற்ற மகாபொல நிதியம் பலர்க்குக் கைகொடுப்பினும், முழுச் செலவையும் அது தாங்குவதன்று. மேலும், மாணவர் பல்கலைக்கழகம் புகும்போது இருபது வயதை எட்டியிருப்பர். சட்டம் கைவிட்ட வயதிலேதான் பல்கலைக்கழகத்தின் வாயில் திறந்தது.

இந்த இடைவெளியை நிரப்பியது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம். பழைய கட்டளைச் சட்டத்தை நீக்கி வந்த இது, 18 வயது நிரம்பி 25 வயது எய்தாதவரை ‘வயது வந்த பிள்ளை’ என வகுத்தது. அவர் தம்மைத் தாமே பேண இயலாதவராயிருக்க, வசதியுள்ள பெற்றோர் உதவ மறுப்பின், மாதந்தோறும் பணம் செலுத்துமாறு நீதவான் கட்டளையிடலாம். இக்கடமை தந்தைக்கு மட்டுமன்றித் தாய்க்கும் உரியதாயிற்று. கல்வி என்ற காரணம் ஒன்றே போதாது. தன்னைப் பேண இயலாமையும் பெற்றோரின் வசதியும் காட்டப்படல் வேண்டும்.

சட்டம் மாதக் கணக்கில் பேசுகின்றது. கடலோ பருவக் கணக்கில் கொடுக்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கரையில் தொழில் தளரும். பல்கலைக்கழக விடுதியில் பசி தளராது. இவ்விரண்டையும் இணைப்பது மன்றத்தின் கட்டளையால் மட்டும் ஆவதன்று. கணவன் மனைவி என்ற உறவு தீர்ப்பினால் முடியலாம். தாய் தந்தை என்ற உறவு அத்தீர்ப்பினால் முடிவதில்லை என்பதை இருவரும் உணரும் இல்லத்திலேயே பிள்ளையின் படிப்பு இடையறாது நடைபெறும்.