பேயின் ஊனமும் கதையின் வித்தும்

கிருட்டிணகிரிக்கும் ஓசூருக்கும் இடைப்பட்ட குருபரப்பள்ளிப் பகுதியில் இன்று தொழிற்கூடங்கள் பெருகிவிட்டன. எனினும் இம்மாவட்டத்துத் திரௌபதியம்மன் விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நிகழும் மரபு அற்றுப்போகவில்லை. பகாசுரன் கதை வரும் நாளில், வடதமிழகத்தின் பல ஊர்களில், சோறேற்றிய வண்டியில் வீம வேடந்தரித்தவர் தெருவலம் வருவார்.

கோரைப்பல்லும் செம்மயிரும் அரக்கர் எல்லார்க்கும் பொது. பகாசுரனுக்கே உரியது அவன் பசியின் அளவு: ஒரு வண்டிச் சோறு, இழுத்துவரும் எருமைகள், உடன் ஓர் ஆள். கதையை நடத்துவது அவ்வளவே. 'இன்று எவ்வீட்டின் முறை?' என்னும் அச்சம் அதனாற் பிறக்கிறது. குந்தி தன் மகனை அனுப்ப நேர்கிறது. வீமன் அரக்கன் முன்னிலையிலேயே அச்சோற்றை உண்கிறான்.

மேசையைச் சுற்றி அமர்ந்து, பாத்திரமேற்றுக் கதை வளர்க்கும் ஆட்டம் ஒன்று 1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பெயரில் வெளிவந்தது. அதன் விலங்கு, பூத வருணனைகளைத் தொகுத்து 1977இல் தனி நூலே வந்தது. கதை நடத்துவோர்க்கு அங்கும் வேண்டப்படுவது தோற்றம் மட்டுமன்று. அவ்வுரு எதை நாடுகிறது, எங்கிருந்து வந்தது என்பனவுமாம்.

இவ்வினாவுக்குத் தமிழ் மிகமுன்பே விடை கண்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடிய சயங்கொண்டார், 'பேய்களைப் பாடியது' என்னும் பகுதியில் பேயுடலை உவமைகளால் அடுக்குகிறார். அவ்வளவோடு நின்றிருப்பின் அது வெறும் அச்சுறுத்தலே. அவரோ ஊனமுற்ற பேய்களைத் தனியே நிறுத்தி, ஒவ்வோர் ஊனத்திற்கும் ஒரு காரணம் கூறுகிறார். பேய் ஒன்று கண்ணிழந்தது, இன்றைய பஸ்தர் பகுதியிலிருந்த சக்கரக்கோட்டப் போரில். குருதியுங் குடருங் கலந்து அட்ட கூழ் தெறித்ததால். போர்க்களத்தில் பசி பொறாது சுடச்சுட உண்டு நாத்தீந்தது மற்றொன்று, ஆதலின் ஊமை. கூனுக்குக் கடாரப் போர் காரணமாகிறது. சோழர் வெற்றிகள் மெய்க்கீர்த்திகளில் கல்லில் நின்றன. இங்கோ பேயின் உடம்பில் வடுவாய் நிற்கின்றன. இராசபாரம்பரியப் பகுதியைத் துருவும் வரலாற்றாய்வாளர் இதனை வெறுங் கற்பனையென ஒதுக்குதல் நேரிதன்று. வெற்றி மன்னனுக்கு, வடு பேய்க்கு என்னும் இப்பங்கீடு புலவர் அறியாமல் நேர்ந்ததாகத் தோன்றவில்லை.

நாத்தீந்த பேய் தன் கதையைத் தானே சொல்ல இயலாது. கலிங்கப் போர்ச்செய்தி காளியை அடைவதும் வேறொரு கூளியின் வாய்மொழியாகவே.