மனிதர்கள் மீதான ஆராய்ச்சி: நெறிமுறைக் குழுக்கள் பிறந்த கதை

ஒரு கம்பெனியின் கணக்குகளை எழுதுபவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்தக் கணக்குகளைத் தணிக்கை செய்ய அவரையே நியமிக்க முடியாது. கம்பெனியில் சம்பளம் வாங்கும் ஊழியர் எவரும் அதன் தணிக்கையாளர் ஆக முடியாது என்பது நம் நாட்டுக் கம்பெனிச் சட்டத்தில் உள்ள விதி. தான் எழுதிய கணக்கில் உள்ள பிழை தன் கண்ணுக்கு எளிதில் படாது என்ற அனுபவ அறிவுதான் இதற்குக் காரணம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா?

பணத்துக்கு இந்த விதி எப்போதோ வந்துவிட்டது. ஆனால் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு இதே விதி வருவதற்கு உலகம் 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு பல்கலைக்கழகத்தில் புதிய மருந்தைச் சோதிப்பதானாலும் சரி, மாணவர்களின் மனநிலை பற்றி ஆராய்வதானாலும் சரி, முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பல ஆராய்ச்சி மாணவர்களுக்கு அது நாலைந்து படிவங்களை நிரப்பும் சடங்காகத்தான் தெரிகிறது. அந்தப் படிவங்கள் எப்படி வந்தன என்ற கதையைத் தெரிந்துகொண்டால் அவற்றைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

நியூரம்பெர்க்கில் விட்டுப்போன ஒன்று

இந்த வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் நியூரம்பெர்க்கில் தொடங்குவார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, வதை முகாம்களில் கைதிகள் மீது கொடூரமான சோதனைகள் நடத்தியதற்காகவும் அதற்கு உடந்தையாக இருந்ததற்காகவும் 23 பேர் மீது அங்கே வழக்கு நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவர்கள். 1947 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 16 பேர் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டு, அவர்களில் 7 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தத் தீர்ப்பிலேயே மனிதர்கள் மீதான சோதனைகளுக்குப் பத்து விதிகள் வகுக்கப்பட்டன. முதல் விதி, சோதனைக்கு உள்ளாகிறவர் தானாக மனமுவந்து சம்மதிக்க வேண்டும் என்பது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஜெர்மனியில் 1931ஆம் ஆண்டிலேயே நோயாளியின் சம்மதம் பற்றி அரசு தெளிவான வழிகாட்டுதல்களை வெளியிட்டிருந்தது. ஆகவே விதி இல்லாததால் அந்தக் கொடுமைகள் நடக்கவில்லை. நியூரம்பெர்க் விதிகளும் அதே குறையோடுதான் பிறந்தன. சம்மதம் சரியாகப் பெறப்பட்டதா என்று பார்க்கும் பொறுப்பை அவை சோதனை நடத்துபவரிடமே விட்டுவிட்டன. வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்று அந்தப் பத்து விதிகளில் எதுவும் சொல்லவில்லை. அது நாஜிகளுக்காக எழுதப்பட்டது, நமக்கு எதற்கு என்று மற்ற நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பலர் நினைத்தார்கள்.

டஸ்கீகி: நாற்பது ஆண்டு மௌனம்

நியூரம்பெர்க்கில் அமெரிக்க நீதிபதிகள் தீர்ப்பு எழுதிய அந்த நேரத்தில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு ஆய்வு பதினைந்தாவது ஆண்டாக நடந்துகொண்டிருந்தது. 1932இல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை, டஸ்கீகி என்ற ஊரில் கறுப்பின மக்களுக்காக இயங்கிய கல்வி நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் அதைத் தொடங்கியது. அந்த நிறுவனம்தான் இன்றைய டஸ்கீகி பல்கலைக்கழகம். மேக்கன் மாவட்டத்தைச் சேர்ந்த 600 கறுப்பின ஆண்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலோர் ஏழைக் குத்தகை விவசாயிகள். அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்னும் மேகநோய் இருந்தது. 201 பேருக்கு இல்லை.

சிகிச்சை தராமல் விட்டால் அந்த நோய் மனித உடலை என்ன செய்யும் என்று பார்ப்பதே ஆய்வின் நோக்கம். ஆனால் அவர்களிடம் "கெட்ட ரத்தம்" இருக்கிறது, அதற்கு வைத்தியம் செய்கிறோம் என்று சொல்லப்பட்டது. பரிசோதனைக்காக முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததைக்கூட இலவசச் சிறப்புச் சிகிச்சை என்று சொல்லித்தான் அழைத்தார்கள். பரிசோதனை நாளில் சாப்பாடும் வண்டிச் சவாரியும் இலவசம். இறந்த பின் உடலை அறுத்துப் பார்க்க ஒத்துக்கொண்டால் ஈமச் செலவுக்குப் பணம் கிடைக்கும். வறுமையில் வாடிய குடும்பங்களுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

1940களின் இறுதியில் பெனிசிலின் இந்த நோய்க்கு ஏற்கப்பட்ட மருந்தாகிவிட்டது. அப்போதும் அவர்களுக்கு அது தரப்படவில்லை. போர்க் காலத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது, அங்கே போனால் சிகிச்சை கிடைத்துவிடும் என்பதற்காக இவர்களில் பலரின் பெயர்கள் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இதெல்லாம் ரகசியமாக நடந்ததா என்றால் இல்லை. 1936 முதலே ஆய்வின் முடிவுகள் மருத்துவ இதழ்களில் பகிரங்கமாக வெளிவந்தன. ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் கண்ணில் அவை பட்டிருக்கும். 1965இல் அப்படி ஒரு கட்டுரையைப் படித்த இர்வின் ஷாட்ஸ் என்ற இளம் மருத்துவர், இது எப்படிச் சரியாகும் என்று கேட்டு, கட்டுரை எழுதியவர்களுக்குக் கடிதம் போட்டார். அவருக்குப் பதிலே வரவில்லை.

அதே துறையில் சான் பிரான்சிஸ்கோவில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் என்ற இளைஞர் அடுத்ததாகக் கேள்வி எழுப்பினார். அவர் மருத்துவர் அல்ல. நோயாளிகளைச் சந்தித்து விவரம் சேகரிப்பது அவர் வேலை. செக்கோஸ்லோவாக்கியாவில் யூதத் தந்தைக்குப் பிறந்து, சிறு குழந்தையாக அமெரிக்கா வந்தவர். டஸ்கீகி பற்றிக் கேள்விப்பட்டதும் நியூரம்பெர்க் வழக்கைப் பற்றித் தேடிப் படித்தார். இரண்டும் ஒன்றுபோலவே அவருக்குத் தெரிந்தன. 1966இலும் 1968இலும் மேலதிகாரிகளுக்கு எழுதினார்.

கூடிக் கலைந்த ஒரு குழு

பக்ஸ்டனின் கடிதங்களால் ஒரு பயன் விளைந்தது. 1969 பிப்ரவரியில் அட்லாண்டாவில் இந்த ஆய்வைப் பரிசீலிக்க ஒரு நிபுணர் குழு கூட்டப்பட்டது. ஆய்வை நிறுத்தி, உயிரோடு இருப்பவர்களுக்குச் சிகிச்சை தரலாமா என்பதே கேள்வி. குழுவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவர்கள். அவர்களில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. ஒரே ஒரு மருத்துவர் மட்டும் சிகிச்சை தர வேண்டும் என்று வாதாடினார். மற்றவர்கள் ஆய்வைத் தொடரலாம் என்று முடிவு செய்தார்கள்.

இந்த வரலாற்றில் மிகவும் யோசிக்க வைக்கும் இடம் இதுதான். டஸ்கீகி ஆய்வு பரிசீலனைக்கு வந்தது, குழு கூடியது, விவாதித்தது, அனுமதியும் கொடுத்தது! இன்னொரு வேடிக்கையும் உண்டு. பல்கலைக்கழகங்கள் அரசு நிதியில் மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்வதானால், ஆராய்ச்சியாளரின் சக அறிஞர்கள் கொண்ட குழு முன்கூட்டியே அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று 1966இலேயே உத்தரவு வந்திருந்தது. அந்த உத்தரவைப் போட்டதும் இதே பொதுச் சுகாதாரத் துறைதான். ஊருக்கு உபதேசம் செய்த துறை தன் வீட்டுக் கணக்கைத் தன் ஆட்களையும் தன்னைப் போன்றவர்களையும் வைத்தே தணிக்கை செய்துகொண்டது.

கடைசியில் பக்ஸ்டன் விஷயத்தைப் பத்திரிகையாளர்களிடம் கொண்டு போனார். 1972 ஜூலையில் ஜீன் ஹெல்லர் என்ற பெண் நிருபர் எழுதிய செய்தி அமெரிக்கா முழுவதும் முதல் பக்கத்தில் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆய்வு நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகளாக மருத்துவ இதழ்களில் நிபுணர்கள் படித்தும் நிற்காத ஒன்று, சாதாரண மக்கள் காலைப் பத்திரிகையில் படித்த சில மாதங்களில் நின்றது.

ஸ்டான்போர்டின் தீயணைப்புக் கருவி

மருத்துவத்தில்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். 1971 ஆகஸ்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் பிலிப் ஜிம்பார்டோ, துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு போலிச் சிறைச்சாலையை அமைத்தார். நாளுக்கு 15 டாலர் சம்பளத்தில் மாணவ இளைஞர்களைச் சேர்த்து, சிலரைக் கைதிகளாகவும் சிலரைக் காவலர்களாகவும் பிரித்தார். சிறைக் கண்காணிப்பாளர் வேடம் பேராசிரியருடையது. ஆய்வு இரண்டு வாரம் நடப்பதாக இருந்தது.

இதற்குப் பல்கலைக்கழகத்தின் பரிசீலனைக் குழு முறையாக அனுமதி அளித்திருந்தது. அடித்தளத்தில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கவலைப்பட்டு, தீயணைப்புக் கருவிகள் வைக்கச் சொன்னது. இரண்டாம் நாளே கைதிகள் கலகம் செய்தபோது, காவலர்கள் அந்தத் தீயணைப்புக் கருவியையே எடுத்துக் கைதிகள் மீது பீய்ச்சினார்கள். பாதுகாப்புக்கு என்று குழு கேட்டு வாங்கிய பொருளே ஆயுதமாகிவிட்டது.

சில நாட்களில் சில இளைஞர்கள் மனம் உடைந்து அழுதார்கள். ஜிம்பார்டோ கண்காணிப்பாளர் வேடத்தில் மூழ்கிப்போயிருந்தார். ஆய்வில் எந்தப் பங்கும் இல்லாத கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற இளம் உளவியலாளர் ஓர் இரவு அங்கே வந்தார். தலையில் பையைக் கவிழ்த்து, கால்களைச் சங்கிலியால் பிணைத்து, கைதிகளைக் கழிப்பறைக்கு நடத்திச் சென்றதைப் பார்த்துக் கொதித்துப்போனார். இந்த இளைஞர்களுக்கு நீங்கள் செய்வது கொடுமை என்று ஜிம்பார்டோவின் முகத்துக்கு நேரே சொன்னார். மறுநாள், ஆறாம் நாளில், ஆய்வு கைவிடப்பட்டது. அதற்கு முன் அங்கே வந்துபோன பலருக்கும் தோன்றாத கேள்வி, புதிதாக உள்ளே நுழைந்த ஒருவருக்கு உடனே தோன்றியது.

விதிகள் பிறந்தன

டஸ்கீகி செய்தியால் எழுந்த கோபத்தின் விளைவாக 1974 ஜூலையில் அமெரிக்காவில் தேசிய ஆராய்ச்சிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி அமைந்த ஆணையம் 1979இல் பெல்மாண்ட் அறிக்கையை வெளியிட்டது. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்ற மூன்று கொள்கைகளை அது முன்வைத்தது. ஆராய்ச்சியின் சுமையை ஏழைகளும் பலமற்றவர்களும் சுமக்க, பலனை மற்றவர்கள் அனுபவிப்பது அநீதி என்று அது சொன்னது. டஸ்கீகியை நினைத்தால் இந்த மூன்றாவது கொள்கை எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

பிறகு 1991இல் பல அரசுத் துறைகளும் ஏற்றுக்கொண்ட பொது விதியின்படி, பரிசீலனைக் குழுவில் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது அறிவியல் துறை சாராதவராக இருக்க வேண்டும். ஒருவராவது அந்த நிறுவனத்தோடு சம்பந்தம் இல்லாதவராக இருக்க வேண்டும். படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும் இந்த இரண்டு நிபந்தனைகளுக்குப் பின்னால் இருப்பது அட்லாண்டாவில் கூடிய குழு போன்ற அனுபவங்கள்தான்.

இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் இது குறித்த கொள்கை அறிக்கையை வெளியிட்டது. பின்பு 2000, 2006, 2017 ஆண்டுகளில் விரிவான வழிகாட்டுதல்கள் வந்தன. 2017 வழிகாட்டுதல்படி குழுவின் தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், பொதுமக்களில் ஒருவர் ஆகியோரும் குழுவில் இடம்பெற வேண்டும்.

குறைகளும் உண்டு

நெறிமுறைக் குழுக்கள் மீது புகார்கள் இல்லாமல் இல்லை. மருந்துச் சோதனைக்காக உருவான விதிகளை, முதியவர்களிடம் கதை கேட்டு எழுதும் வரலாற்று மாணவர் மீதும் சுமத்துவது என்ன நியாயம் என்று சமூக அறிவியலாளர்கள் நெடுங்காலம் கேட்டு வந்தார்கள். அந்தக் குரலில் நியாயம் இருந்தது. 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட அமெரிக்க விதிகள் வாய்மொழி வரலாற்றையும் பத்திரிகைப் பணியையும் இந்தப் பரிசீலனையிலிருந்து விலக்கின.

அதைவிடப் பெரிய ஆபத்து, குழு வெறும் முத்திரை குத்தும் இடமாக மாறுவது. படிவம் முழுமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, படிவத்துக்குப் பின்னால் இருக்கும் மனிதரை மறந்துவிட்டால், தீயணைப்புக் கருவி மட்டும் கேட்ட கதைதான் மறுபடி நடக்கும். கணக்குப் புத்தகத்தைத் திறக்காமலே கையெழுத்துப் போடும் தணிக்கையாளரால் யாருக்கு என்ன பயன்?

1997 மே மாதம் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் வெள்ளை மாளிகையில் டஸ்கீகி ஆய்வுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 600 பேரில் அப்போது உயிரோடு இருந்தவர்கள் 8 பேர்தான். அவர்களில் கடைசி மனிதர் 2004 ஜனவரியில் இறந்தார். பக்ஸ்டன் 2024 மே மாதம் காலமானார்.

அட்லாண்டாவில் 1969இல் கூடியவர்கள் படிப்பில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. அந்த மேசையைச் சுற்றி மேக்கன் மாவட்டத்து விவசாயி ஒருவர் உட்கார்ந்திருந்தால், "எங்களுக்கு ஏன் மருந்து தரவில்லை?" என்று முதல் நிமிடத்திலேயே கேட்டிருப்பார். நெறிமுறைக் குழுவில் வெளியாள் ஒருவருக்கு நாற்காலி போட்டிருப்பது அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான். அதில் உட்காருபவர் வாய் திறந்து கேட்கும் வரைதான் அந்த நாற்காலிக்கு மதிப்பு.