பனிக்குட நீர் சொன்ன செய்தி

தாய்க்கோ கடுமையான இரத்த அழுத்தம், மாதமோ நிறையவில்லை. குழந்தையை இப்போதே வெளியே எடுத்தால் அது மூச்சுத் திணறி இறக்கலாம். பொறுத்திருந்தால் இரண்டு உயிர்க்கும் ஆபத்து. என் செய்வது? மருத்துவர் நெடுங்காலம் இருதலைக் கொள்ளி எறும்பெனத் தவித்தனர்.

நுரையீரலின் நுண்ணறைகள் மூச்சை வெளிவிடும்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது ஒருவகைக் கொழுப்புப் பொருள். குறைமாதக் குழந்தைகளிடம் அது போதிய அளவு இல்லை என்பதை 1959-ஆம் ஆண்டில் மேரி எல்லன் ஏவரி, ஜெரி மீட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கண்டனர். 1963 ஆகஸ்டில் பிறந்த அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் இந்நோயாலேயே 39 மணி நேரத்தில் மறைந்தான். நாடாளும் தந்தையாலும் அவனைக் காக்க இயலவில்லை.

பிறவாத குழந்தையின் நுரையீரலை அறிவது எங்ஙனம்? நுரையீரலில் ஊறும் நீர் பனிக்குட நீரில் கலக்கிறதல்லவா? அந்நீரை ஊசியால் எடுத்து ஆராயும் முறையை லூயிஸ் குளுக் குழுவினர் 1971-இல் வெளியிட்டனர். அதில் லெசித்தின் என்னும் பொருள் ஸ்பிங்கோமயலினைப் போல் 2 மடங்கு இருப்பின் நுரையீரல் முதிர்ந்தது எனக் கொண்டனர். நீரிழிவுடைய தாய்மாரிடம் மட்டும் இக்கணக்கு சில வேளை பொய்த்தது.

1972-இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி ஆகியோர் மற்றொரு வழி காட்டினர். தாய்க்கு ஸ்டீராய்டு மருந்தை ஊசி வழியாகச் செலுத்தினால் சேயின் நுரையீரல் விரைந்து முதிரும் என்பதே அது. 1980-இல் ஜப்பானியர் புஜிவாரா, குறைப்பட்ட பொருளையே குழந்தையின் மூச்சுக்குழலில் செலுத்திக் காட்டினார். ஆதலால் இன்று பனிக்குட நீர்ச் சோதனை அருகிவிட்டது.

முதிர்ந்ததா என்று வினவி நின்ற மருத்துவம் முதிரச் செய்யவும் கற்றுக்கொண்டது. அறிவின் பயன் துயர் துடைத்தலே என்பதை நினைவிற் கொள்வீராக!