ஐரோப்பிய நகரப் பெயர்களும் யாழ்ப்பாணத்து அடுக்களையும்

ஒரு நாட்டை வென்றோர் அந்நாட்டில் விட்டுச் செல்வன பல. அவற்றுள் அதிகாரத்தால் நாட்டப்பட்டவை எவை, வாழ்வோடு கலந்தவை எவை, மக்கள் உள்ளம் ஏற்க மறுத்தவை எவை என வகுத்து நோக்குதல் வரலாறு பயில்வோர்க்குப் பெரும்பயன் தருவதாகும். 1619ஆம் ஆண்டிற் சங்கிலி குமாரன் பறங்கியரிடம் சிறைப்பட்டது முதல், 1795ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கோட்டையை ஆங்கிலேயரிடம் ஒப்புவித்தது வரை, யாழ்ப்பாணம் ஏறக்குறைய நூற்றெழுபத்தாறு ஆண்டுகள் அவ்விரு சாதியாரின் ஆட்சியிற் கிடந்தது. அக்காலத்து ஊர்ப் பெயர்களையும் உணவு முறைகளையும் ஆராயுமிடத்து மேற்கூறிய மூவகையும் தெளிவுறப் புலப்படும்.

1658ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், மூன்று மாதத்திற்கு மேல் நீடித்த முற்றுகையின் பின், யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. வெற்றிபெற்ற படையோடு வந்தவருள் ஒருவர் பல்தேயஸ் பாதிரியார். 1632இற் பிறந்த அவர் அப்பொழுது இருபத்தைந்து வயது இளைஞர். இந்நாட்டின் ஊர்களையும் கோயில்களையும் மக்கள் வழக்கங்களையும் அவர் உற்றுநோக்கி எழுதிய பெருநூல் 1672இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளிவந்தது. தமிழெழுத்துக்களும் அந்நூலில் இடம்பெற்றன. சமயப் பிரசாரகர் ஆதலின் சைவத்தைப் பற்றி அவர் கூறியன நடுநிலையானவை அல்ல. ஆயினும் அக்கால யாழ்ப்பாணத்தை அறிதற்கு அந்நூல் இன்றியமையாத சான்றாகும்.

அவர் பிறந்த ஊர் ஒல்லாந்தின் பழம்பெரு நகராகிய டெல்ப்ட். கடல் கடந்து வந்த அவ்விளைஞர் பணிசெய்த நாட்டில், நெடுந்தீவு அந்நகரின் பெயரைப் பெற்றது. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், நயினாதீவு ஹார்லம் எனவும், அனலைதீவு ரொட்டர்டாம் எனவும், எழுவைதீவு ஹோர்ன் எனவும் வரைபடங்களிற் குறிக்கப்பட்டன. பனையும் பவளப்பாறையும் சூழ்ந்த தீவுகளைத் தம் நாட்டுக் கால்வாய் நகரங்களின் பெயரால் அழைத்தமை, பிறந்தகத்தை நினைந்து ஏங்கிய மாந்தரின் இயல்பு எனலாம். அது உரிமை கொண்டாடும் செயலும் ஆகும் என்பதை மறத்தலாகாது.

அவர்தம் உணவும் பெயரிடுதலிற் புகுந்தது. காரைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடல் நடுவிற் பறங்கியர் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் கைப்பற்றி, ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். இலங்கைத் தீவு அவர்கள் கண்ணுக்கு உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை போலத் தோன்றிற்று. அத்தொடையின் குதிகாற் பக்கத்தே இக்கோட்டை நிற்றலின் அப்பெயர் பொருந்திற்று. பசித்தவன் கண்ணுக்கு நாடும் உணவாய்த் தோன்றும் போலும்!

இப்பெயர்களுள் இன்று எஞ்சியவை மிகச் சில. நெடுந்தீவின் ஆங்கிலப் பெயராக டெல்ப்ட் நிலைத்தது. ஏனையவை பெரும்பாலும் பழைய ஏடுகளுள் ஒடுங்கின. ஊர்மக்கள் நாவில் நயினாதீவு நயினாதீவாகவே இருந்தது. அதிகாரத்தால் நாட்டிய பெயர் அதிகாரத்தோடு நீங்கிற்று.

அடுக்களையின் கதை வேறு. பதினாறாம் நூற்றாண்டிற் பறங்கியர் கப்பல்கள் வாயிலாக அமெரிக்காவிலிருந்து கீழைத்தேயம் வந்த மிளகாயைத் தமிழர் தம் பழைய மிளகின் பெயரையே திரித்து அழைத்து உறவாக்கிக் கொண்டனர். அன்னாசியும் பப்பாசியும் கொய்யாவும் அவ்வாறே வந்து நம் வளவுகளில் வேரூன்றின. பாண், குசினி, தாச்சி, பீரிசு, மேசை, கதிரை என்பன போர்த்துக்கேயச் சொற்களின் வழிவந்தவை. இன்று யாழ்ப்பாணத்துத் தாய்மார் அவற்றை அயற்சொல் என எண்ணுவதேயில்லை. ஒடியற் கூழை நோக்குக. ஒடியல் நம் பனையின் கொடை. அதிற் சேரும் மரவள்ளியும் மிளகாயும் மேலைக் கடல் கடந்து வந்தவை. இரண்டும் ஒரே பானையில் வெந்து யாழ்ப்பாணத்தின் தனியுணவாயின. இவற்றைக் கொள்ளுமாறு எவரும் கட்டளையிடவில்லை. பயன் கண்டு மக்கள் தாமே கொண்டனர்.

எனினும், வந்தவை யாவும் கொள்ளப்படவில்லை. பறங்கித் தேசாதிபதியின் உணவிற்காக ஊரவர் முறைவைத்துப் பசு கொடுத்தல் வேண்டும் என்று ஒரு கட்டளை இருந்ததாகக் கர்ணபரம்பரை கூறும். திருநெல்வேலியில் வாழ்ந்த ஞானப்பிரகாசர் தம் முறை வருமுன் இரவோடிரவாக ஊரை நீங்கிச் சிதம்பரஞ் சென்றார் என்பர். பின்னர் அவர் வடநாடு சென்று வடமொழி கற்றுத் துறவு பூண்டார். சிவஞானசித்தியார் சுபக்கத்திற்கு உரை கண்டார். அவர் பெயர் தாங்கிய திருக்குளம் சிதம்பரத்தில் உள்ளது. ஊரை நீங்காதோர் விரத நாளில் உண்ட இலையை வீட்டிறப்பிற் செருகி மறைத்தனர் என்றும் முன்னோர் கூறுவர். அயலுணவின் பொருட்டு இழைக்கப்பட்ட கொடுமையை ஒருவர் நாடு துறந்தும், பலர் இலையை மறைத்தும் எதிர்கொண்டனர். ஞானப்பிரகாசர் மரபில் வந்தவராகக் கூறப்படும் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலும், 1864இல் அதே சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இவற்றால் அறியக்கிடப்பது யாது? அயலதென்பதனால் ஒன்றை வெறுத்தலும், ஆள்வோரது என்பதனால் ஒன்றைத் தழுவுதலும் நம் முன்னோர்க்கு உடன்பாடல்ல. மிளகாயை ஏற்ற கையே பசுவைக் கொடுக்க மறுத்தது. கொள்வதையும் தள்ளுவதையும் தாமே தேர்ந்த அவ்வறிவு, அயல்நாடுகளுக்குச் செல்லும் நம் இளைஞர் தம்மோடு கொண்டு செல்லத்தக்க கட்டுச்சோறாகும்.